தோணி திரும்பிய பிறகு

(அப்போஸ்தலர் பணி 16-ம் அதிகாரம், 11 முதல் 15 வரையுள்ள வசனங்களைக் குடும்பமாக வாசித்தபின் இதனைத் தொடர்க.)



புனித சின்னப்பர் ஓர் இரவு காட்சி கண்டார். மக்கெதோனிய நாட்டவன் ஒருவன் அவர்முன் நின்று, கடலைக் கடந்து தங்களிடம் வந்து உதவும்படி மன்றாடினான். விடிந்ததும் அப்போஸ்தலர் கப்பல் தேடினார். துரோவாவில் ஏறி, நெயாப்பொலியில் இறங்கி, பிலிப்பி நகரை அடைந்தார். ஓய்வுநாள் வந்தது. நகர வாசலுக்கு வெளியே ஆற்றங்கரையில் செபிக்கும் இடம் ஒன்று இருக்கும் என்று எண்ணி அங்கே போனார். காட்சியில் கண்ட ஆண்மகன் அங்கே இல்லை. பெண்கள் சிலர் கூடியிருந்தார்கள். அவர்கள் நடுவே உட்கார்ந்து சின்னப்பர் பேசினார். இரத்தாம்பரம் விற்கும் லீதியாள் என்ற பெண் செவிகொடுத்தாள். ஆண்டவர் அவளுடைய இதயத்தைத் திறந்தார். அவளும் அவள் வீட்டாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இதுவரையில் நாம் அனைவரும் அறிந்த கதை. அதற்குப் பின் நடந்ததை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? சின்னப்பர் அங்கே அதிக நாள் தங்கவில்லை. அடிபட்டார், சிறைப்பட்டார், விடுதலையானதும் லீதியாள் வீட்டுக்கு வந்து சகோதரரைத் திடப்படுத்திவிட்டு ஊரைவிட்டுப் புறப்பட்டார். ஆண்டுகள் சென்றபின் பிலிப்பியருக்கு அவர் எழுதிய திருமுகத்தைப் பாருங்கள். அங்கே மேற்பார்வையாளரும் உதவியாளரும் உள்ள உறுதியான திருச்சபை ஒன்று இருக்கிறது. அவருடைய தேவைக்கு ஒருமுறையல்ல, பலமுறை பொருள் அனுப்பிய சபை அது.

அப்படியானால், சின்னப்பர் போனபின் அந்த ஆற்றங்கரையில் விசுவாசத்தைக் காத்தது யார்? குழந்தைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தது யார்? நோயாளியின் பக்கத்தில் இருந்தது யார்? இக்கிழமை நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி இதுதான். குருவானவரை ஏற்றி வந்த தோணி திரும்பிய பிறகு, கரையில் நிற்பவர் யார்?

நமது ஆறும் நமது அக்கரையும்

இந்தக் கேள்வி நமக்குத் தூரத்துக் கேள்வியன்று. நாம் வாவியின் பிள்ளைகள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று நம் முன்னோர் சூரியனைக்கொண்டு ஊரைப் பிரித்தார்கள். கடலோரத்தில் கடைத்தெருவும் கச்சேரியும் ஆஸ்பத்திரியும் எழுந்தன. மேற்கே வயலும் குளமும் காடும் இருந்தன. அக்கரைக்குப் போக வேண்டுமானால் தோணி, இல்லையேல் ‘பாதை’. மற்ற ஊர்த் தமிழருக்குப் பாதை என்றால் நடக்கும் வழி. நமக்கோ அது வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் மிதவை. மண்முனைத்துறையில் 2014-ல் பாலம் திறக்கப்படும்வரை எத்தனை தலைமுறை அந்தப் பாதைக்காகக் கரையில் காத்து நின்றது! ஆண்டவர் தம்மை வழி என்று அழைத்ததை நம் ஊர்ப் பேச்சில் நினைத்துப் பார்த்தால் ஒரு புதிய பொருள் தோன்றும். பாதை ஒரு கரைக்கு மட்டும் சொந்தமானதன்று. அது போகும், வரும், மறுபடியும் போகும்.

கல்முனையிலிருந்து மேற்கே திரும்பி, கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் நாவிதன்வெளிப் பிரதேசம். அங்கேதான் சொறிக்கல்முனை இருக்கிறது. திருச்சிலுவையின் பெயரால் ஆலயம் எழுந்த ஊர். சுற்றிலும் வயல். அயலிலே சைவத் தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும். இன்னும் மேற்கே போனால், 1949-ல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் பெயருக்குப் பதிலாக இலக்கம் பெற்ற குடியேற்றக் கிராமங்கள். செப்டெம்பர் மாதம் திருச்சிலுவைத் திருநாட் காலத்தில் எழுவான்கரை மக்கள் கூட்டங்கூட்டமாக அங்கே போகிறார்கள். நேர்த்தி வைக்கிறார்கள். மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். அன்று மாலையே பஸ்ஸைப் பிடித்துத் திரும்புகிறார்கள்.

திருநாள் முடிந்து சில கிழமைகளில் மாரி தொடங்கும். பெருமழை ஆண்டுகளில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்து நின்றதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அப்போது ஆசிரியரும், நோயாளியும், கர்ப்பிணித் தாயும், சந்தைக்கு மரக்கறி கொண்டுவருபவரும் தோணியை நம்பிக் கரையில் நிற்பார்கள். தண்ணீரைக் கடப்பது விளையாட்டன்று. 2024 நவெம்பரில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தை அடித்துச் சென்றபோது, வீடு திரும்பிக்கொண்டிருந்த மதரசாப் பிள்ளைகள் உயிரிழந்தார்கள். அந்தத் துக்கம் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தாம் ஆறுகளால் ஆபத்துக்கு உள்ளானதைச் சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியது வெறும் அலங்காரப் பேச்சல்ல என்பதை நம் கரை மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

அமேசன் சொல்லும் பாடம்

நமது வாவியைவிட எத்தனையோ மடங்கு பெரிய தண்ணீரைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தென்னமெரிக்காவின் அமேசன் ஆறு ஏறக்குறைய 6,400 கிலோமீற்றர் நீளமானது. அந்த ஆற்றுப்படுகைக் காடு ஒன்பது நாடுகளில் பரந்து கிடக்கிறது. நமக்கு அந்தக் காடு முற்றிலும் அந்நியமன்று. இலங்கையில் இன்று பால் வெட்டப்படும் றப்பர் மரத்தின் மூதாதை, 1876-ல் அந்தக் காட்டிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட விதையே.

அங்கே ஆறுதான் தெரு, ஆறுதான் சந்தை, பள்ளிக்கூடத்துக்கும் கல்லறைக்கும் ஆற்றுவழியேதான் போகவேண்டும். தண்ணீர் ஏறும் இறங்கும் என்பதால் மரக்கால்களின்மேல் வீடு கட்டி ஆற்றங்கரை மக்கள் வாழ்கிறார்கள். இரண்டு கிராமங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைப் படகில் எத்தனை நாள் என்றும் எத்தனை எண்ணெய் என்றும் கணக்கிடுகிறார்கள். நம்மை வெள்ளம் பிரிக்கிறது. அவர்களை வறட்சி பிரிக்கிறது. 2023-லும் 2024-லும் மனௌஸ் நகரத்தருகே ரியோ நெக்ரோ ஆறு முன்னொருபோதும் பதியப்படாத அளவுக்கு வற்றியபோது படகுகள் சேற்றில் நின்றன. உணவும் மருந்தும் போகாமல் கிராமங்கள் தனித்துப் போயின.

இப்படிப்பட்ட இடங்களுக்குக் குருவானவர் எத்தனை தரம் போகமுடியும்? ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டுமுறை. சில இடங்களுக்கு அதுவுமில்லை. படகு வரும். பாவசங்கீர்த்தனம் கேட்கப்படும், ஓராண்டுக் குழந்தைகளுக்கெல்லாம் ஒரே நாளில் ஞானஸ்நானம் கொடுக்கப்படும், விவாகங்கள் ஆசீர்வதிக்கப்படும், பூசை முடியும். மறுநாள் படகு அடுத்த வளைவில் மறைந்துவிடும்.

2019 ஒக்டோபர் 6 முதல் 27 வரை வத்திக்கானில் நடந்த அமேசன் ஆயர் மாமன்றம் இந்தக் குறையைத்தான் முகத்துக்கு முகம் பார்த்தது. வந்துபோகும் மேய்ப்புப்பணி போதாது. கூட இருக்கும் மேய்ப்புப்பணி வேண்டும் என்று ஆயர்கள் முடிவுக்கு வந்தார்கள். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2020 பெப்ரவரியில் வெளியிட்ட மடலில், நாம் நெஞ்சில் எழுதிவைக்கவேண்டிய ஓர் உண்மையைச் சொன்னார். பல ஆண்டுகளாக, சில இடங்களில் பல பத்தாண்டுகளாக, குருவானவர் எட்டிப்பாராத ஊர்களிலும் விசுவாசம் அணையவில்லை. காரணம், அங்கிருந்த உறுதியும் தாராளமும் கொண்ட பெண்கள். அவர்கள் ஞானஸ்நானம் கொடுத்தார்கள், மறைக்கல்வி புகட்டினார்கள், செபித்தார்கள், தாங்களே மறைபரப்பாளராக இருந்தார்கள்.

பாருங்கள், சகோதரரே! பிலிப்பியின் ஆற்றங்கரையில் இருந்த லீதியாள் அமேசன் ஆற்றங்கரையில் இன்னும் இருக்கிறாள்.

குருவில்லாத ஆண்டுகள்

இது தூரதேசத்துப் புதுமை என்று எண்ணவேண்டாம். நம் சொந்தத் திருச்சபையின் வரலாறே இதுதான்.

புனித சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். கரையோரம் கிராமம் கிராமமாக நடந்தார். தெருவிலே மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் மனனம் செய்த செபங்களைக் கற்பித்தார். அவரது கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. எனினும் தாம் போனபின் என்ன ஆகும் என்று அவர் கவலைப்பட்டார். ஆகையால் ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்து, செபம் சொல்லிக்கொடுக்கவும், அவசரத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் பழக்கினார். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க, போர்த்துக்கல் அரசியின் பாதணிச் செலவுக்கென்று அந்தக் கரையிலிருந்து போன வரிப்பணத்தையே கேட்டு வாங்கினார். அரசியின் செருப்பைவிடக் கணக்கப்பிள்ளையின் சோறு பெரிதென்று கண்டவர் அவர். பெரிய மறைபரப்பாளரின் பெரிய புத்தி இதுவே.

யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் 1658-ல் பிடித்தார்கள். குருமார் துரத்தப்பட்டார்கள், ஆலயங்கள் பறிக்கப்பட்டன. புனித யோசப்வாஸ் அடிகளார் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணத்தில் காலடி வைத்தது 1687-ல். இடையில் 29 ஆண்டுகள்! அன்று ஞானஸ்நானம் பெற்ற குழந்தை தானே ஒரு தாயாகும் காலம். நோயாலும் பசியாலும் மெலிந்திருந்த அந்தக் கோவைக் குருவானவர் கழுத்தில் செபமாலையைத் தரித்துக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். யாருடைய கண் அந்தச் செபமாலையில் தங்குகிறது என்று பார்த்தார். தங்கிய கண்கள் இருந்தன! செபமாலை இன்னதென்று மறவாத வீடுகள் இருந்தன. அடிகளார் வந்து மூட்டிய தீ அன்று அது. சாம்பலுக்குள் யாரோ மூடிக் காத்த தணலை அவர் ஊதினார். அந்தத் தணலைக் காத்த தாய்மாரின் பெயர்களை எந்த வரலாற்று நூலும் எழுதிவைக்கவில்லை. ஆண்டவர் எழுதியிருக்கிறார்.

யோசப்வாஸ் அடிகளாரும் அவருக்குப் பின்வந்தவர்களும் இந்த உண்மையை அறிந்தே பணி செய்தார்கள். ஒருசில குருமார் தீவு முழுவதையும் கால்நடையாகச் சுற்றவேண்டியிருந்தது. ஆகவே சிற்றாலயந்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார்கள். ஞாயிறன்று மக்களைக் கூட்டிச் செபம் சொல்பவர் அண்ணாவியார். மரண வீட்டில் முன்நிற்பவர் அண்ணாவியார். 1742-ல் மறைந்த சாங்கோபாங்க சுவாமி என்ற யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் இத்தனை நூல்கள் எழுதியது எதற்காக? குருவானவர் இல்லாத ஞாயிறுகளில் ஒருவர் எடுத்து வாசிக்க, மற்றவர் கேட்பதற்காக. தபசுகாலத்தில் நம் பாட்டன்மார் கண்ணீரோடு கேட்ட வியாகுலப் பிரசங்கம் அப்படிப்பட்ட நூல்.

கடல்கடந்த ஓர் உதாரணமும் உண்டு. யப்பானில் வேதகலாபனை தொடங்கிக் குருமார் அனைவரும் இல்லாமற்போனபின், மீன்பிடித் தீவுகளிலும் மலைக்கிராமங்களிலும் விசுவாசிகள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மறைந்து வாழ்ந்தார்கள். ஊரில் ஒருவர் திருநாள்களின் கணக்கைக் காத்தார். ஒருவர் ஞானஸ்நானம் கொடுத்தார். ஒருவர் வீடு வீடாகச் செய்தி சொன்னார். 1865 மார்ச் 17-ம் நாள் நாகசாக்கியில் புதிதாகக் கட்டிய ஆலயத்துக்கு ஒரு சிறு கூட்டம் வந்து, மாதாவின் சுரூபம் எங்கே என்று பிரெஞ்சுக் குருவானவரிடம் மெதுவாகக் கேட்டது. அவர் திகைத்துப்போனார். தாம் தொடங்கவந்த திருச்சபை தமக்குமுன்பே அங்கே இருந்ததை அவர் கண்டார்!

வந்தவர்கள், தங்கியவர்கள்

ஆகையால் தூரத்திலிருந்து வருகிறவர் தேவையில்லை என்று யாரும் முடிவுகட்டவேண்டாம். கடலைக் கடந்து வா என்றுதான் சின்னப்பருக்குக் காட்சி கிடைத்தது. அண்ணாவியார் செபம் சொல்லலாம். பூசை வைக்க முடியாது. நற்கருணையின்றித் திருச்சபை முழுமை பெறுவதில்லை. ஆகவே யாராவது தண்ணீரைக் கடந்துதான் ஆகவேண்டும்.

நம் கிழக்கு மாகாணத்துக்கு அப்படிக் கடந்து வந்தவர்கள் பலர். 1893-ல் திருகோணமலை மறைமாவட்டம் நிறுவப்பட்டது; 1895 முதல் பிரெஞ்சு இயேசு சபையார் பொறுப்பேற்றார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபையார் வந்தார்கள். மிசிசிப்பி என்ற பேராற்றின் முகத்துவாரத்தில் வளர்ந்தவர்கள் மட்டக்களப்பு வாவிக்கு வந்தார்கள். தமிழ் படித்தார்கள். நம் வெயிலில் கறுத்தார்கள். பள்ளிக்கூடம் கட்டினார்கள், தொழில் கற்பித்தார்கள். பலர் நம் மண்ணிலேயே புதைந்தார்கள்.

அவர்களுள் லூயிசியானாவில் பிறந்த யூஜின் ஹேபியர் அடிகளாரைப் பலர் இன்றும் நினைவுகூர்வார்கள். கூடைப்பந்தாட்டம் பழக்கி எத்தனையோ பொடியன்மாரை ஒழுக்கத்தில் வளர்த்தவர். நாடு எரிந்த நாளிலே அவருக்குப் போக வேறு தேசம் இருந்தது, கடவுச்சீட்டும் இருந்தது. அவர் போகவில்லை. 1990 ஆகஸ்ட் 15, மாதா பரலோகத்துக்கு எழுந்தேற்றமான திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் தம்மோடு வந்த இளைஞனுடன் காணாமற்போனார். இருவரும் திரும்பவேயில்லை.

அமேசன் காட்டிலும் அப்படி ஒருவர் உண்டு. அருட்சகோதரி டொறதி ஸ்டாங் 1966-ல் பிரேசில் நாட்டுக்குப் போனவர். காட்டை அழிப்பவர்களிடமிருந்து ஏழைக் கமக்காரரையும் அவர்கள் நிலத்தையும் காக்க நின்றார். பயமுறுத்தியபோதும் ஊரைவிட்டு நகரவில்லை. 2005 பெப்ரவரி 12-ம் நாள், தமது 73-ம் வயதில், அனாப்பு என்ற இடத்துக் காட்டுவழியில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இவர்களை மக்கள் மறவாததற்குக் காரணம் என்ன? கொண்டுவந்த பொருளா? பொருள் கொண்டுவந்தவர் எத்தனையோ பேர். 2004 டிசெம்பர் 26-ல் கடல் ஏறி நம் அம்பாறைக் கரையில் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனபின், உலகமே நம் வாசலுக்கு வந்தது. வாகனங்கள் வந்தன, பதாகைகள் வந்தன, படம் பிடித்தார்கள், போனார்கள். அந்த உதவியை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் கூடாரத்துக்குள் உட்கார்ந்து நம் கதையை முழுதும் கேட்டவரையும், அடுத்த மாதமும் வந்தவரையும் மட்டுமே பெயர்சொல்லி நினைக்கிறோம். ‘பார்வையிடப்படுவது’ எப்படியிருக்கும் என்று அனுபவித்தவர்கள் நாம். நாம் பிறரைப் பார்க்கப் போகும்போது அதை மறக்கலாமா?

போகிறவர்களுக்குச் சில சொற்கள்

இப்போது நம் பங்குகளிலிருந்து இளைஞர் குழுக்களும், மரியாயின் சேனையாரும், மறைக்கல்வி ஆசிரியரும் தூரக் கிராமங்களுக்குப் பணிக்குப் போகிறார்கள். இது நல்ல காரியம். போகிறவர்கள் இவற்றைச் சிந்திப்பார்களாக.

முதலாவது, போகுமுன் கேளுங்கள். அந்த ஊரில் செபம் சொல்லும் பெரியவர் ஒருவர் இருப்பார். மறைக்கல்வி கற்பிக்கும் தங்கச்சி ஒருத்தி இருப்பாள். எந்த நாள் நல்லது, எது தேவை என்று அவர்களிடம் விசாரியுங்கள். பெரும்போக வெட்டுக்காலத்தில் போய், ஆலயம் வெறுமையாக இருக்கிறதே, இவர்களுக்குப் பக்தியில்லை என்று குறைசொல்லித் திரும்பாதீர்கள். அவர்கள் வயலில் நிற்கிறார்கள்.

இரண்டாவது, திரும்பவும் போங்கள். பன்னிரண்டு கிராமங்களுக்கு ஒவ்வொருமுறை போவதைவிட, ஒரு கிராமத்துக்குப் பன்னிரண்டு முறை போவது மேல். முதற்பயணத்தில் பெயரைக் கேட்பீர்கள். மூன்றாம் பயணத்தில் நோயைச் சொல்வார்கள். ஆறாம் பயணத்தில்தான் குடும்பத்தின் உள்வருத்தம் வெளியே வரும். நற்செய்தி அந்த வருத்தத்துக்கே உரியது.

மூன்றாவது, கொடுப்பதைப்போல வாங்கவும் பழகுங்கள். ஆண்டவர் எழுபத்திரண்டு சீடரை அனுப்பியபோது பொதி சுமந்துபோகச் சொல்லவில்லை. பையில்லாமல் போய், வீட்டுக்குச் சமாதானம் வாழ்த்தி, அவர்கள் வைப்பதை உண்ணச் சொன்னார். அரிசிப் பொதியோடு போகிறவர் பலர். அவர்கள் தரும் வெறுந்தேத்தண்ணியை உட்கார்ந்து குடிப்பவர் சிலர். அந்தச் சிலரே நண்பராகிறார்கள்.

நான்காவது, தாழ்மையோடு போங்கள். தென்னமெரிக்காவுக்குச் சிலுவையும் வாளும் ஒரே கப்பலில் போன காலம் உண்டு. அந்த நாட்டுப் பழங்குடிகளுக்கு எதிராகச் சபையின் மக்கள் செய்த குற்றங்களுக்காகப் பாப்பரசர் பிரான்சிஸ் 2015 யூலையில் பொலிவியாவில் நின்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். நாம் போகும் கிராமங்களில் சைவரும் முஸ்லிம்களும் நம் விசுவாசிகளோடு ஒரே வாய்க்காலின் தண்ணீரில் விதைக்கிறார்கள். வெள்ளத்தில் ஒரே தோணியில் ஏறுகிறார்கள். நாம் மாலையில் வந்துவிடுவோம். அவர்கள்தான் அடுத்தநாளும் அயலவராக வாழவேண்டும். அந்த அயலுறவைக் குலைக்கும் ஒரு சொல்லும் நம் வாயிலிருந்து வரலாகாது. அன்பும் நேர்மையுமே அங்கே முதற்பிரசங்கம்.

கடைசியாக, ஒருவரைப் பலப்படுத்திவிட்டு வாருங்கள். சாதாரணதரம் படித்துவிட்டு வீட்டில் நிற்கும் பிள்ளை ஒருத்தி எந்த ஊரிலும் இருப்பாள். மறைக்கல்விப் பயிற்சிக்கு வர அவளுக்குப் பஸ் காசு இல்லை; சொல்லிக்கொடுக்கப் புத்தகம் இல்லை; தட்டிக்கொடுக்க ஆளில்லை. உங்கள் வாகனக் கூலியில் பாதியை அவளுக்குச் செலவிடுங்கள். 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தனது மறைபரப்புப்பணி ஏட்டில் உபதேசியார்களைப் புகழ்ந்து, அவர்களுக்குத் தகுந்த பயிற்சியும் ஊதியமும் வேண்டுமென்றது. 2021 மே மாதம் பாப்பரசர் பிரான்சிஸ் உபதேசியார் பணியைத் திருச்சபையின் நிலையான பணிகளுள் ஒன்றாக ஏற்படுத்தினார். அவளுடைய வேலை குருவானவர் வரும்வரை இடத்தை நிரப்பும் வேலையன்று. அது சபை அங்கீகரித்த அழைத்தல்.

வீட்டுக்குள் ஓர் அக்கரை

இனி இதை வாசிக்கும் தாய் தந்தையரே, உங்களோடு ஒரு வார்த்தை. நாங்கள் தோணியேறவும் இல்லை, காட்டுக்குப் போகவும் இல்லை. இந்தப் பிரசங்கம் எங்களுக்கு எதற்கு என்று நினைக்கிறீர்களா?

உங்கள் வீட்டை எண்ணிப் பாருங்கள். ஆலயம் கூப்பிடு தூரத்தில் இருக்கலாம். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகலாம். ஆனால் கிழமையில் ஒரு மணித்தியாலம் குருவானவரின் குரல் கேட்கிறது. மற்ற நூற்றறுபத்தேழு மணித்தியாலங்களில் யாருடைய குரல் கேட்கிறது? பிள்ளையின் பார்வையில் நீங்கள்தான் அந்த ஆற்றங்கரையின் அண்ணாவியார். நீங்கள் செபிக்காவிட்டால், ஆலயத்துக்குப் பக்கத்து வீடும் குருவானவர் எட்டாத காட்டுக்கிராமந்தான்.

தாய் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்து பணம் அனுப்ப, அம்மம்மாவின் மடியில் வளரும் பிள்ளைகள் நம் ஊர்களில் எத்தனை! தகப்பன் கட்டாரில், அல்லது கடலில். அந்த வீடுகளில் மாலையானதும் படத்துக்கு முன்னே விளக்கேற்றி, பல்லில்லாத வாயால் அருள்நிறை மந்திரம் சொல்லி, பேரப்பிள்ளையைச் சிலுவை அடையாளம் போடவைக்கும் கிழவி யார் தெரியுமா? அவள்தான் லீதியாள். யாழ்ப்பாணத்தில் 29 ஆண்டுகள் தணலைக் காத்தவள் அவள்தான். பிள்ளை தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறதே என்று அவள் சலித்துப்போனால், அவளுக்குத் துணைநில்லுங்கள். தூரத்திலுள்ள தாய், கிழமையில் ஒருநாளாவது அதே தொலைபேசியில் பிள்ளைகளோடு ஒரு பத்து மணி செபமாலை சொல்லட்டும். கடலைக் கடக்க அதுவும் ஒரு பாதை.

வருகிற செப்டெம்பரில் சொறிக்கல்முனைக்குப் போவீர்கள். போங்கள், திருச்சிலுவையின் அடியில் உங்கள் பாரத்தை இறக்கிவையுங்கள். ஆனால் இம்முறை உடனே பஸ்ஸுக்கு ஓடவேண்டாம். அந்த ஊர்க் குடும்பம் ஒன்றின் பெயரைக் கேட்டறியுங்கள். மாரி வந்து தாம்போதியில் தண்ணீர் ஏறும்போது அந்தப் பெயரைச் சொல்லி உங்கள் வீட்டில் செபியுங்கள். வெள்ளம் வடிந்ததும் ஒருநாள், திருநாளில்லாத ஒரு சாதாரண நாளில், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் அந்த வாசலில் நில்லுங்கள். அன்றுதான் உங்கள் யாத்திரை முற்றுப்பெறும்.

கல்வாரியிலும் அப்படித்தான் நடந்தது. பார்க்கவந்த கூட்டம் மார்பில் அடித்துக்கொண்டு வீடு திரும்பியது. சிலுவையின் அடியில் மாதாவும், அன்புச் சீடரும், பெண்கள் சிலரும் தங்கி நின்றார்கள். போனவர்களிடத்திலிருந்தல்ல, நின்றவர்களிடத்திலிருந்தே திருச்சபை பிறந்தது.

தண்ணீரைக் கடந்து நம்மிடம் வந்து, உலகம் முடியும்வரை நம்மோடு தங்கியிருக்கும் ஆண்டவராகிய இயேசுக்கிறிஸ்து, அக்கரையில் நிற்பவர்களைத் திடப்படுத்துவாராக. இக்கரையில் இருக்கும் நமக்குப் போகும் மனதையும், போனால் திரும்பவும் போகும் மனதையும் தந்தருள்வாராக. ஆமென்.